மெர்லினா, பிளாக்பூலா, பால்டன்ஸா: எந்த பார்க்குக்கு வருடப் பாஸ்?

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. மகனுடைய போன வருடக் கோடு 138 சென்டிமீட்டர். பிரிட்டனின் பெரிய ரோலர் கோஸ்டர்கள் பலவற்றில் 140 இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். நெமிசிஸ், ஒப்லிவியன், ஸ்மைலர், ஸ்டெல்த் எல்லாம் அந்தக் கணக்குதான். போன அக்டோபரில் தடித்த காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, அளவுக்கட்டையின் கீழே போய் நின்றான். அங்கே வேலை பார்த்த பெண் குனிந்து அவன் குதிகாலைப் பார்த்தார், சிரித்தார், அடுத்த வருடம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு சென்டிமீட்டரில் போயிற்று.

அந்த அடுத்த வருடம் வந்துவிட்டது. நாங்கள் இருப்பது ரெடிங்கில். நான், மனைவி, 11 வயதுப் பையன், 6 வயதுப் பெண். வருடப் பாஸுக்கு ஒரு தொகைதான் ஒதுக்க முடியும். கையில் இருக்கும் தேர்வுகள் மூன்று. ஒன்று, பல பார்க்குகளை நடத்தும் மெர்லின் நிறுவனத்தின் பாஸ்: ஆல்டன் டவர்ஸ், தார்ப் பார்க், செஸ்ஸிங்டன், லெகோலாண்ட் விண்ட்சர் எல்லாம் அதில் அடங்கும். இரண்டாவது பிளாக்பூல் பிளெஷர் பீச். மூன்றாவது ஹாம்ப்ஷயரில் நியூ ஃபாரஸ்ட் ஓரத்தில் இருக்கும் பால்டன்ஸ் பார்க். எங்களுக்கு லெகோலாண்ட் அரை மணி, தார்ப் முக்கால் மணி, பால்டன்ஸ் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆல்டன் டவர்ஸ் இரண்டரை, மூன்று மணி. பிளாக்பூலுக்கு விடியலில் கிளம்பினாலும் மதியம் ஆகிவிடும்.

தூரத்தையும் விலையையும் மட்டும் பார்த்தால் இது ஐந்து நிமிட வேலை. நான் இருபது வருடமாக இந்தப் பைத்தியம் பிடித்து அலைபவன், எனக்கு அது போதாது. பாஸ் வாங்குவது ரைடை வாங்குவதல்ல. அந்தப் பார்க்கை நடத்துகிறவர்களின் புத்தியை ஒரு வருடத்துக்குக் குத்தகைக்கு எடுப்பது மாதிரி. புது கோஸ்டர் திறக்கும் நாளில் எல்லாரும் நன்றாகத்தான் நடத்துவார்கள். தூறல் விழும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி நடத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

அதற்கு ஒரு சின்ன அளவுகோல் வைத்திருக்கிறேன். கோஸ்டர் நிலையத்துக்கு எதிரே நின்று, ஒரு ரயில் கிளம்பியதிலிருந்து அடுத்தது கிளம்பும் வரை எத்தனை விநாடி என்று போனில் பார்ப்பேன். மனைவிக்கு இது மானக்கேடு, தள்ளிப் போய் நின்றுகொள்வாள். ஆனால் கணக்கைப் பாருங்கள். நெமிசிஸ் ரயிலில் 32 இருக்கை. 80 விநாடிக்கு ஒரு ரயில் கிளம்பினால் மணிக்கு 45 ரயில், 1,440 பேர். அதுவே 110 விநாடி ஆனால் ஏறத்தாழ 1,050 பேர்தான். முப்பது விநாடித் தாமதத்தில் மணிக்குக் கிட்டத்தட்ட 400 பேர் வரிசையிலேயே தங்கிவிடுகிறார்கள். கோடிக்கணக்கில் பணம் கொட்டிப் புது ரைடு கட்ட வேண்டாம். இருக்கைப் பட்டையைச் சரிபார்க்க இன்னும் இரண்டு பேரை நிறுத்தினால் அதே அளவு இடம் கிடைத்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு முறை ஒரு பார்க்கில் (பெயர் வேண்டாம்) பள்ளி நாளில், கூட்டமே இல்லாத நேரத்தில், 70 நிமிடம் நின்றேன். இரண்டு ரயில் ஓட வேண்டிய தடத்தில் ஒன்றுதான் ஓடியது. மற்றது பக்கத்துக் கொட்டகையில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது, வரிசையில் நிற்கும் எல்லார் கண்ணிலும் படும்படி. காலையில் கூட்டம் குறைவு என்று கணித்து ஆளைக் குறைத்திருந்தார்களாம். கூட்டம் குறைவு என்பதற்காகத்தானே ஐயா நாங்கள் லீவு போட்டு வந்தோம்!

முதலில் மெர்லின். நால்வரும் போகக்கூடிய இடங்கள் அதிகம் என்பதால் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

ஆல்டன் டவர்ஸ் கைமாறிய வரலாறே ஒரு பாடம். ஸ்டாஃபர்ட்ஷயரில் ஷ்ரூஸ்பரி பிரபுக்களின் மாளிகையும் தோட்டமுமாக இருந்த இடம். 1980-ல் கார்க்ஸ்க்ரூ கோஸ்டரை வைத்து ஜான் புரூம் அதைப் பெரிய கேளிக்கைப் பூங்காவாக்கினார். 1990-ல் டுசாட்ஸ் குழுமம் வாங்கியது. அந்தக் குழுமமே 1998-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கும், 2005-ல் துபாய்க்கும், 2007-ல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் பின்னணியில் மெர்லினுக்கும் போனது. வாங்கிய அதே 2007-ல் ஆல்டன் டவர்ஸ், தார்ப் பார்க் நிலங்களை விற்று, திரும்பக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2013-ல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். 2019-ல் லெகோ குடும்பத்தின் கிர்க்பி, பிளாக்ஸ்டோன், கனடாவின் ஓய்வூதிய நிதி மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 600 கோடி பவுண்டுக்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டன. நாம் உட்காரும் இருக்கைக்கும் முடிவெடுக்கும் மேசைக்கும் நடுவில் எத்தனை பேர் பங்கு கேட்டு நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் பெரிய முதலாளி என்றாலே மோசம் என்று ரசிகர்கள் பலர் பாடும் பாட்டை நான் பாட மாட்டேன். பெரிய பணம் இல்லாவிட்டால் 2024-ல் தார்ப் பார்க்கில் ஹைபீரியா வந்திருக்காது. 72 மீட்டர், நாட்டிலேயே உயரமானது, வேகமானதும் அதுதான். திறந்த புதிதில் நின்று நின்று ஓடியது உண்மை. ஆனாலும் 2012-ல் வந்த ஸ்வார்முக்குப் பிறகு பெரிய கோஸ்டரே பார்க்காத இடத்துக்கு அது உயிர் கொடுத்தது. நெமிசிஸையும் சொல்ல வேண்டும். ஆல்டன் டவர்ஸில் மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது என்பது கட்டுமான விதி. உயரமாகக் கட்ட முடியாது என்றதும், ரைடு வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லியும் குழுவும் பாறையைக் குடைந்து பள்ளத்துக்குள் கோஸ்டரை வைத்தார்கள். 1994-ல் திறந்த அதன் உச்சி உயரம் 13 மீட்டர்தான். பார்த்தால் குழந்தை ரைடு உயரம், உட்கார்ந்தால் பாறைச்சுவர் காலை உரசிக்கொண்டு போவது போல இருக்கும். தடம் கிழடு தட்டியபோது, இடித்துத் தள்ளிவிட்டு மலிவாக வேறு ஏதாவது வைத்திருக்கலாம். 2022 நவம்பரில் மூடி, அதே வடிவில் புதுத் தடம் போட்டு, 2024 மார்ச்சில் திறந்தார்கள். பணம் வரவே வராத இடத்தில் பணம் போட்ட முடிவு அது. அதற்கு என் வணக்கம்.

கணக்கின் மறுபக்கம் அதே ஆல்டன் டவர்ஸின் ஸ்மைலர். 2013-ல் 14 தலைகீழ்ச் சுற்றுகளோடு உலக சாதனையாக வந்த கோஸ்டர். 2015 ஜூன் 2 அன்று, கோளாறு ஒன்றைச் சரிசெய்த பிறகு, வெறும் ரயிலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது மேடேற முடியாமல் பள்ளத்தில் நின்றுவிட்டது. தடத்தில் ஒரு ரயில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது பொறியாளர்கள் எல்லாருக்கும் தெரியவில்லை. முன்னால் தடை இருக்கிறது என்று கணினி 16 பேர் உட்கார்ந்த ரயிலை நிறுத்தி வைத்தது. கணினிதான் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து, மனிதர்கள் அதை மீறி அனுப்பினார்கள். இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போனது. பாதுகாப்பு ஆணையம் துருவிப் பார்த்தபோது, யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியது குற்றமாகத் தெரியவில்லை. பழுது பார்க்கும்போது யார் எதைச் சரிபார்த்து யாரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கே இல்லாததுதான் குற்றமாகத் தெரிந்தது. 2016-ல் நீதிமன்றம் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

எனக்கு அந்தச் சம்பவத்துக்குப் பின் நடந்தவைதான் நிர்வாகத்தின் குணத்தைக் காட்டின. பாதுகாப்பு நடைமுறைகள் இறுகின. நல்லதுதான், இன்றைக்கும் ஒரு ரைடு அரை மணி நின்றால் நான் முணுமுணுப்பதில்லை. ஆனால் கூட்டம் குறைந்ததும் அதே 2015 நவம்பரில் 190 வேலைகள் வரை குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். ஃப்ளூம், ரிப்ஸா போன்ற நடுத்தர ரைடுகள் மூடப்பட்டன. மரத்துண்டுப் படகில் ஈரமாகி இறங்கும் ஃப்ளூமுக்காக யாரும் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வர மாட்டார்கள். ஆனால் வந்த பிறகு பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஏறுவது அதில்தான். நடு வரிசை ரைடுகள் போனால் அங்கே நின்ற கூட்டமும் பெரிய கோஸ்டர் வரிசைக்குத்தான் வந்து சேரும். கணக்குப் புத்தகத்தில் செலவு குறைந்திருக்கும், நம் கால் வலிக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

அப்புறம் ஃபாஸ்ட்ராக், கூடுதல் காசுக்கு வரிசையைத் தாண்டிப் போகும் சீட்டு. நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், தர்ம தரிசன வரிசையில் நிற்பவர் காசு கொடுக்காமல் நிற்கிறார். இங்கே பொது வரிசையில் நிற்பவரும் வாசலில் முழுப் பணம் கட்டியவர். ரயிலில் இருக்கைகள் கூடப்போவதில்லை. விற்கும் ஒவ்வொரு ஃபாஸ்ட்ராக் சீட்டும் அந்தப் பொது வரிசையின் இருக்கையிலிருந்து எடுத்ததுதான். இதில் இன்னொரு விபரீதம்: வரிசை நீள நீளச் சீட்டு விற்கும். வரிசையைக் குறைத்தால் வருமானம் குறையும் என்று ஒரு வியாபாரத்தை அமைத்துவிட்டு, வரிசையைக் குறைக்கும்படி அதே மேலாளரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? வேண்டுமென்றே வரிசையை நீட்டுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. குறைக்க அவசரப்படத் தேவையில்லாத நிலை உண்டாகிறது என்கிறேன். இதோடு கார் நிறுத்தக் கட்டணம், கூட்டத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும் நுழைவு விலை எல்லாம் சேரும். விமான டிக்கெட்டுக்குப் பழகிவிட்டோம், இதற்கும் பழகிவிடுவோம் என்பது அவர்கள் நம்பிக்கை.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்க் நடத்துவது இங்கே லேசான தொழிலில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் மூடிக் கிடக்கும், எட்டு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். டிக்கெட்டில் 20 சதவீதம் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி. கொரோனா காலத்தில் அதை 5 சதவீதமாக இறக்கினார்கள், பிறகு 12.5, 2022 ஏப்ரலில் பழைய இடத்துக்கே போய்விட்டது. ரைடை இயக்கும் பிள்ளைகள் பலர் ஒரே ஒரு பருவத்துக்கு வருபவர்கள். கை பழகி, 80 விநாடியில் ரயில் அனுப்பக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் கல்லூரி திறந்துவிடும்.

பாஸாகப் பார்த்தால் மெர்லினின் பலம் எண்ணிக்கை. விலை குறைந்த பாஸில் நல்ல நாட்கள் பலவற்றுக்கு அனுமதி இருக்காது. பள்ளிப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்த நல்ல நாட்கள்தான் விடுமுறை, அதனால் எங்களுக்கு மேல்தட்டுப் பாஸ் வாங்கினால்தான் பொருள். அதற்குக் கூடுதல் பணம் போகும் என்று ஒரு முறை ஒதுக்கி வைத்தேன். மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டேன்: சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் தார்ப் போய் இரண்டு கோஸ்டர் ஏறிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியும் என்றால், பாஸுக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. முழு நாள் டிக்கெட் வாங்கியவர் வசூல் பண்ணியே ஆக வேண்டும் என்று காலை முதல் மாலை வரை ஓடுவார். பாஸ்காரர் மழை வந்தால் காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

பிளாக்பூல் வேறு உலகம். வில்லியம் ஜார்ஜ் பீன் 1896-ல் கடற்கரை மணலில் தொடங்கியது. மகள் டோரிஸ், மருமகன் லெனார்ட் தாம்சன், பேரன் ஜெஃப்ரி, இப்போது கொள்ளுப்பேத்தி அமாண்டா தாம்சன். நான்கு தலைமுறை, ஒரே வீடு. 42 ஏக்கர்தான் இடம். அதற்குள் தடத்தின் மேல் தடம், அதன் அடியில் ரயில், அதன் பக்கத்தில் படகு என்று சந்தைக்கடை மாதிரி நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆல்டன் டவர்ஸில் ஒரு ரைடிலிருந்து அடுத்ததற்குப் போகக் காட்டுப் பாதையில் கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். இங்கே திரும்பினால் அடுத்த ரைடு.

கிராண்ட் நேஷனலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், இதற்காகவே நான் பிளாக்பூல் போவேன். 1935-ல் கட்டிய மரக் கோஸ்டர். இரண்டு ரயில் பக்கத்துப் பக்கத்தில் பந்தயம் ஓடும். அதே பெயருள்ள குதிரைப் பந்தயத்தின் தடைகளுக்கு இருக்கும் பெயர்களையே வழி நெடுகப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். மேலேறும்போது பக்கத்து ரயிலில் இருப்பவர் கையை நீட்டினால் எட்டிவிடும் தூரம், முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொள்வார்கள். பிறகு உலுக்கல். வயிறும் விலாவும் இடம் மாறி உட்காரும். இறங்கும்போதுதான் வேடிக்கை: இடது பக்க மேடையில் ஏறியவர் வலது பக்க மேடையில் வந்து இறங்குவார். இரண்டு தடம் போலத் தெரிவது உண்மையில் முறுக்கிச் சேர்த்த ஒரே தடம். என் பெண்ணுக்கு இதைக் காகிதத் துண்டை முறுக்கி ஒட்டிக் காட்டினேன், ஒரு வாரம் வீடெல்லாம் காகித வளையம்.

அதே இடத்தில் 1923-ன் பிக் டிப்பர் ஓடுகிறது. இயந்திரத் துப்பாக்கி செய்த ஹைரம் மாக்சிம் 1904-ல் வைத்த பறக்கும் ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. நூறு வயது மர ரைடை ஓட வைப்பது புது ரைடு வாங்குவதைவிடக் கடினம். தினமும் விடிகாலையில் யாராவது தடத்தில் நடந்து, பலகை பலகையாகப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட செலவைப் பங்குதாரர் கூட்டத்தில் நியாயப்படுத்துவது சிரமம். தாத்தா கட்டினது என்று சொன்னால் குடும்பத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள்.

குடும்பம் நடத்தினால் எல்லாம் பொன் என்றும் நினைத்துவிடாதீர்கள். வைல்ட் மவுஸ் என்று ஒரு பழைய மர ரைடு, முரட்டுத்தனத்துக்குப் பேர்போனது. 2017 சீசன் முடிந்த குளிர்காலத்தில், கடைசியாக ஒரு முறை ஏற வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் இடித்துவிட்டார்கள். தாத்தா சொத்து என்பதற்கு இரண்டு அர்த்தமும் உண்டு: காப்பாற்றுவதும் என் இஷ்டம், இடிப்பதும் என் இஷ்டம். அடுத்த 2018-லேயே 1 கோடியே 62 லட்சம் பவுண்டு போட்டு ஐகான் கோஸ்டரைத் திறந்தார்கள், அது அருமையான கோஸ்டர். அதனால் கோபத்தைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. ஐகானுக்கும் 65 மீட்டர் பிக் ஒன்னுக்கும் உயர வரம்பு 132 சென்டிமீட்டர். என் மகன் இன்றைக்கே ஏறலாம்! பிக் ஒன் கடல் காற்றுக்கு அடிக்கடி மூடிக்கிடக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் பிளாக்பூல் பாஸ்தானே? இல்லை. ரெடிங்கிலிருந்து வருடத்துக்கு எத்தனை முறை போவோம்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மான்செஸ்டர், பிரெஸ்டன் பக்கம் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எங்களுக்கு அது செப்டம்பரில் ஒரு நாள் டிக்கெட், ஒரு இரவு விடுதி, கடற்கரை நெடுக விளக்கு அலங்காரம். பாஸுக்கு வேலையில்லை.

பால்டன்ஸை ரசிகர் வட்டாரத்தில் பத்து வருடம் முன்பு யாரும் பொருட்படுத்தியதில்லை. 1983-ல் தோட்டமும் பறவைகளுமாகத் தொடங்கிய இடம், மான்சி குடும்பத்தினுடையது. 2011-ல் பெப்பா பிக் என்ற கார்ட்டூன் பன்றிக்குட்டியின் பெயரில் பெப்பா பிக் வேர்ல்ட் திறந்ததும், நாட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் வேறொருவர் என்றால் பன்றிக்குட்டியை வைத்து பத்து வருடம் பால் கறந்திருப்பார். இவர்கள் வந்த பணத்தைத் தரையிலேயே போட்டார்கள். 2016-ல் டைனோசர்களோடு லாஸ்ட் கிங்டம், 2021-ல் அமெரிக்கப் பாலைவன ஊர் போல டொர்னேடோ ஸ்பிரிங்ஸ், 2025-ல் கோஸ்ட்லி மேனர். நான்கைந்து வருடத்துக்கு ஒன்று, அவசரமில்லை, வைத்ததை முழுசாக வைக்கிறார்கள். மூன்று வயதில் பெப்பாவுக்கு வந்த பிள்ளை எட்டு வயதில் டைனோசருக்கு, பத்து வயதில் சுழலும் ஸ்டார்ம் சேஸருக்கு என்று பிள்ளை வளர வளரப் பார்க்கும் கூடவே வளர்கிறது. இது தற்செயலாக வரும் திட்டமல்ல.

கார் நிறுத்தக் காசு கிடையாது. ஃபாஸ்ட்ராக் விற்பதில்லை, எல்லாருக்கும் ஒரே வரிசை. ஒரு மீட்டருக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு டிக்கெட் இல்லை. போன ஏப்ரலில் மழை விட்ட பத்தாவது நிமிடம் அங்கே ஒரு காட்சி பார்த்தேன். பெப்பாவின் தம்பி ஜார்ஜ் பெயரில் இருக்கும் டைனோசர் ரைடில் நின்ற பையன், பதினெட்டு வயது இருக்கலாம், தோளில் இரண்டு துண்டு. ஒரு டைனோசர் முதுகை ஒன்றால் துடைத்து, இன்னொன்றால் மறுபடி துடைத்து, உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனான். எந்த மேலாளரும் பக்கத்தில் இல்லை. என் பெண் ஏறி உட்கார்ந்ததும், "இது காஞ்சிருக்கு அப்பா" என்று அறிவித்தாள். நான் போனை எடுத்து விநாடி பார்க்க மறந்துபோன நாள் அது ஒன்றுதான்.

குறை இல்லாமலில்லை. மகனுக்கு வேண்டிய பயம் அங்கே கிடையாது. 2025 வரை தலைகீழாகச் சுற்றும் கோஸ்டர் ஒன்றுகூட இருந்ததில்லை. பெப்பா வேறொருவர் சொத்து. ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனத்திடம் இருக்கும் உரிமம் அது. புளோரிடாவிலும் ஜெர்மனியிலும் பெப்பா பார்க் நடத்துவது மெர்லின் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த உரிமத்தை மட்டும் நம்பி இருக்காமல் டைனோசரும் பாலைவனமும் கட்டியது எவ்வளவு முன்யோசனை என்று புரியும்.

மற்றவற்றை ஓரிரு வரியில். டிரேட்டன் மேனர் பிரையன் குடும்பம் 1949-ல் தொடங்கியது. 2017-ல் ஸ்பிளாஷ் கேன்யன் படகு ரைடில் 11 வயதுச் சிறுமி தண்ணீரில் விழுந்து இறந்தாள். 2020-ல் நிறுவனம் கடனில் விழுந்து லூப்பிங் என்ற பிரெஞ்சுக் குழுமத்துக்குப் போனது. குடும்பம் என்ற பெயர் மட்டும் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் வேண்டாம். யார்க்ஷயரின் ஃபிளமிங்கோ லாண்ட் நன்றாக இருக்கும், எங்களுக்குத் தூரம். வேல்ஸின் ஓக்வுட், மெகஃபோபியா என்ற அற்புதமான மரக் கோஸ்டரை வைத்திருந்த இடம், 2025 மார்ச்சில், சீசன் தொடங்க வேண்டிய நேரத்தில் இனித் திறக்கப் போவதில்லை என்று ஒரே அறிவிப்பில் முடிந்துபோனது. ஸ்பானிய ஆஸ்ப்ரோ குழுமத்திடம் இருந்தது. எங்கோ இருக்கும் தலைமையகத்துக்கு அது பட்டியலில் ஒரு வரி. பெம்பிரோக்‌ஷயரில் வளர்ந்தவனுக்கு முதல் கோஸ்டர்.

பெட்ஃபோர்டில் பழைய செங்கல் சூளை நிலத்தில் யூனிவர்சல் 2031-ல் திறப்பதாக அறிவித்திருக்கிறது, அதுவரை காசைச் சேர்த்து வையுங்கள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதற்குள் என் மகன் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பான். அந்தப் பார்க் வருவதற்கு முன்பே அதன் பயத்தில் மெர்லின் ஒழுங்காக இரண்டாவது ரயிலை எடுத்தால் எனக்கு அதுவே லாபம்.

ஆக, எங்கள் வீட்டுக் கணக்கு இது. பெண்ணுக்கும் மனைவிக்கும் பால்டன்ஸ் பாஸ், இப்போதே. அடுத்த இரண்டு வருடம் அவள் வயதுக்கு நாட்டில் அதைவிட நன்றாக நடத்தப்படும் இடம் எனக்குத் தெரியவில்லை. பிளாக்பூல், செப்டம்பரில் ஒரு இரவு, நால்வரும். மெர்லின் பாஸ் எனக்கும் மகனுக்கும் மட்டும், அதுவும் உடனே இல்லை. பாஸ் வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்பதால், மார்ச்சில் வாங்கினால் அடுத்த மார்ச்சில் செத்துவிடும். மே கடைசியில் வாங்கினால் இந்தக் கோடை, ஹாலோவீன், அடுத்த ஈஸ்டர் மூன்றும் ஒரே பாஸில் அடங்கும். அதற்குள் பையன் உயரமும் கூடியாக வேண்டும்.

நேற்று இரவு பல் தேய்த்துவிட்டு வந்தவன் தானாகவே கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றான். வெறும் கால். தலைமேல் புத்தகத்தை வைத்துக் கோடு போட்டேன். 139-ஐத் தாண்டியிருந்தது, கொஞ்சம். "காலையில அளந்தா மனுஷன் கூட உயரமா இருப்பான்னு படிச்சேன்பா" என்றான். சரி, பார்க் பத்து மணிக்குத்தான் திறக்கும், காரில் தூங்காமல் படுத்துக்கொண்டே வா என்று சொல்லியிருக்கிறேன்.